பாதசாரி பாதுகாப்புக் குழுவில் சேரப் போகிறீர்களா? ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகர நிர்வாகம் அமைக்கும் பாதசாரி பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் நீங்கள் உறுப்பினராகிவிட்டால் உங்களால் ஒரு சிக்னலை நகர்த்த முடியாது, ஒரு வேகத்தடை போடச் சொல்லி உத்தரவிட முடியாது, ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் வாங்கக்கூடக் கையெழுத்துப் போட முடியாது. பெயரிலேயே இருக்கிறது, ஆலோசனைக் குழு. கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டாலும் சொல்லலாம், அவ்வளவுதான் அதிகாரம். இது தெரியாமல் சேர்ந்து மூன்றாவது கூட்டத்தோடு காணாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் கிட்டத்தட்ட அந்த வரிசையில் நின்றவன்தான். தாக்குப்பிடித்து உட்கார்ந்த பிறகு புரிந்தது இதுதான்: சாலைத் திட்டத்தின் வரைபடம் முடிவாவதற்கு முன்னால், கையில் அளந்த எண்ணோடு, மினிட்ஸில், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், ஏறும்படி சொன்ன யோசனை பெரும்பாலும் எங்கேயாவது போய்ச் சேர்கிறது. ஆதங்கமாகச் சொன்னது அந்த அறையைத் தாண்டுவதில்லை.

விண்ணப்பிக்கும் முன்

இந்தக் குழுக்களுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். சில இடங்களில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று இருக்கும், சில இடங்களில் சைக்கிளையும் சேர்த்திருப்பார்கள், சில இடங்களில் பெரிய போக்குவரத்துக் குழுவுக்குள் ஒரு துணைக்குழுவாக ஒளிந்திருக்கும். பொதுவாக மாதம் ஒரு கூட்டம், மாலையில் இரண்டு மணி நேரம், பதவிக்காலம் இரண்டு அல்லது மூன்று வருடம், சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு வெளியே போகும் நேரத்தைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். வரைபடம் படிக்க, இடத்தை நேரில் போய்ப் பார்க்க, கடிதம் எழுத என்று மாதம் இன்னொரு ஏழெட்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து இரண்டு கூட்டம் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதான், யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அதிகாரிகள் வரைபடத்தை எந்தக் கட்டத்தில் கொண்டுவந்து காட்டுகிறார்கள், உறுப்பினர் கேட்ட கேள்விக்கு அடுத்த மாதம் பதில் வருகிறதா, குழுத் தலைவர் பேச்சை இழுத்துப் பிடிக்கிறாரா அல்லது ஒருவரே முக்கால் மணி நேரம் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிறாரா. கூடவே கடந்த ஒரு வருட மினிட்ஸையும் படித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை, ஆனால் எந்தப் பிரச்சினை மூன்று முறை வந்து மூன்று முறையும் தள்ளிப்போனது என்பது அதில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டால் தேர்வு செய்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஏனென்றால் மினிட்ஸைப் படித்துவிட்டு வருகிறவர் அபூர்வம்.

விண்ணப்பத்தில் "சமூக சேவையில் எனக்கு ஆர்வம் உண்டு" என்று ஆரம்பிக்காதீர்கள். வருகிற விண்ணப்பம் எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கும். நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று எழுதுங்கள். இரவுப் பணி முடிந்து நள்ளிரவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து தனியாக நடந்து வருபவரா, குழந்தை வண்டி தள்ளுபவரா, சக்கர நாற்காலியில் போகிறவரா, பார்வை இல்லாதவரா, வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட வாசலில் நிற்பவரா? இப்படிப்பட்டவர்கள் இந்தக் குழுக்களில் எப்போதுமே குறைவு, இருப்பதெல்லாம் பெரும்பாலும் என்னைப் போல மாலையில் சும்மா இருக்கிற ஆட்கள்தான். "என் வழியில் இருக்கும் நான்கு கிராஸிங்கில் இரண்டில் நடைபாதைச் சரிவு கிடையாது, அதனால் குழந்தை வண்டியோடு சாலையில் இறங்கித்தான் போகிறேன்" என்கிற ஒரு வரி, இரண்டு பக்க லட்சியக் கட்டுரையைவிட எவ்வளவோ மேல். பொறியியல் படித்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எதிரே உட்காரப் போகிறவர் இன்ஜினியர், அவரிடம் இல்லாததைத்தானே நீங்கள் கொண்டுபோக வேண்டும்?

முதல் தடவை கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். நடுவில் யாராவது ஊர் மாறுவார், யாராவது சலித்துப்போய் விலகுவார், காலியிடம் வந்துகொண்டே இருக்கும்.

நான் சொதப்பிய முதல் கூட்டம்

எனக்கு வீட்டுப் பக்கத்துச் சந்திப்பு ஒன்றின்மேல் பல வருடக் கோபம். முதல் கூட்டத்தில் வாய்ப்புக் கிடைத்ததும் கொட்டித் தீர்த்துவிட்டேன், எட்டு நிமிடம் இருக்கும், குரல்கூட கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவர் வெளியே வந்து கைகொடுத்து நன்றாகப் பேசினீர்கள் என்றார், நானும் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனேன். அடுத்த மாதம் மினிட்ஸ் வந்தது. என் எட்டு நிமிடப் பேச்சு அதில் ஒரே வரி: "ஓர் உறுப்பினர் தம் பகுதியில் உள்ள ஒரு சந்திப்பு குறித்துக் கவலை தெரிவித்தார்." எந்தச் சந்திப்பு, என்ன கவலை, யார் என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை. எழுதியவர்மேல் தப்பே சொல்ல முடியாது, நான் சொன்னதில் எழுதும்படியாக எதுவுமே இருக்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு பழக்கத்துக்கு வந்தேன். பேசுவதற்கு முன் மூன்று வரியைத் தாளில் எழுதிக்கொள்வேன். எந்த இடம், என்ன பார்த்தேன் அல்லது அளந்தேன், யார் எந்தத் தேதிக்குள் என்ன பதில் சொல்ல வேண்டும். அந்தத் தாளையே குறிப்பெடுப்பவரிடம் கொடுத்துவிடுவேன். அவருக்கும் வேலை மிச்சம், எனக்கும் என் வாக்கியமே அப்படியே மினிட்ஸில் வந்துவிடும். இது தந்திரம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், குழுவில் நான் கற்றுக்கொண்டதில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

ஸ்டாப்வாட்ச் எதற்கு

ஒரு பெரிய சிக்னல் கிராஸிங்குக்குப் போய் நில்லுங்கள். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், இருட்டிய பிறகு அரை மணி நேரம். கையில் போன் போதும், அதில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, கூடவே ஒரு நீள டேப் இருந்தால் நல்லது.

நடப்பவர்களுக்கான சிக்னலில் இரண்டு பகுதி உண்டு. முதலில் பச்சை மனிதன் நிலையாக எரிவான், அது கால் எடுத்து வைக்கும் நேரம். அப்புறம் மினுக்கும் அல்லது எண்கள் குறைந்துகொண்டே வரும், அது ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கும் நேரம். இந்த இரண்டாவது பகுதியைச் சாலையின் அகலத்தை நடை வேகத்தால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். கேள்வியே அந்த நடை வேகம் யாருடையது என்பதுதான். பல இடங்களில் நெடுங்காலமாக நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்திருந்தார்கள், அது நல்ல உடம்போடு இருக்கிற ஆளின் வேகம். அமெரிக்காவின் தேசிய சாலைக் குறியீட்டு விதிநூல் 2009 பதிப்பில் இதை நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தது, அதாவது ஏறத்தாழ 1.07 மீட்டர். மூத்தவர்கள் பலர் அதைவிடவும் மெதுவாகத்தான் நடக்கிறார்கள்.

நான் அளந்த கிராஸிங் 14 மீட்டர் அகலம். பச்சை 7 நொடி, மினுக்கல் 12 நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 14 மீட்டரை 1.2-ஆல் வகுத்தால் 12-க்குக் கொஞ்சம் குறைவு, காகிதத்தில் எல்லாம் சரி. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் வந்தார். பச்சை விழுந்ததும் அவர் இறங்கவில்லை. திரும்பும் வண்டிகள் நிற்கின்றனவா என்று இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், ஊன்றுகோலைக் கீழே வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார், அதிலேயே 4 நொடி போய்விட்டது. மீதி 15 நொடி. அவர் நடந்தது நொடிக்கு 0.8 மீட்டர் போல. 15 நொடியில் 12 மீட்டர். சிவப்பு விழுந்தபோது அவருக்கு முன்னால் இன்னும் 2 மீட்டர் சாலை இருந்தது, அந்தப் பக்கம் நின்ற வண்டிகளில் ஒன்று ஹாரன் அடித்தது. அவர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பது போலக் காட்டிக்கொண்டே போனார்.

இதையே "பெரியவர்களுக்கு நேரம் போதவில்லை" என்று சொன்னால் ஒரு வரிக் கவலையாக முடிந்திருக்கும். நான் ஒரு மணி நேரத்தில் கடந்தவர்கள் எத்தனை பேர், சிவப்பு விழும்போது நடுவில் இருந்தவர்கள் எத்தனை பேர், அகலம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று ஒரு தாளில் கொடுத்தேன். மினுக்கலில் 6 நொடி கூட்டிக் கேட்டோம், 4 நொடி கிடைத்தது. சிக்னல் பெட்டியில் ஓர் எண்ணை மாற்றுகிற வேலை, சாலையை வெட்ட வேண்டியதே இல்லை.

அங்கே நிற்கும்போதே பார்க்க வேண்டியவை இன்னும் சில. பச்சை விழுந்தும் திரும்பும் வண்டி எத்தனை நடப்பவர்களை ஒதுக்கித் தள்ளுகிறது என்று எண்ணுங்கள், அதிகமாக இருந்தால் அதற்கு ஒரு மருந்து இருக்கிறது: வண்டிகளுக்குப் பச்சை கொடுப்பதற்கு 3 முதல் 7 நொடி முன்னாலேயே நடப்பவர்களுக்குப் பச்சை கொடுத்துவிடுவது. திரும்பும் ஓட்டுநர் கண்ணெதிரே ஆள் ஏற்கெனவே சாலை நடுவில் இருப்பார், தெரியவில்லை என்று சொல்ல வழியிருக்காது. மூலையின் வளைவு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். அகலமாக வளைத்து வைத்த மூலையில் வண்டிகள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பும், இறுக்கமான மூலையில் குறைத்தே ஆக வேண்டும். கிராஸிங்கை ஒட்டி வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா? அவற்றின் பின்னால் நிற்கும் எட்டு வயதுக் குழந்தை ஓட்டுநருக்குத் தெரியுமா என்று குனிந்து, குழந்தையின் உயரத்துக்கு இறங்கிப் பாருங்கள். நான் முதல் தடவை அப்படிக் குனிந்தபோது எதிரே ஒரு பம்பரைத் தவிர எதுவும் தெரியவில்லை.

சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராஸிங்கில் ஒரே திசையில் இரண்டு தடம் இருந்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். முதல் தடத்தில் வருகிற வண்டி மரியாதையாக நிற்கும். நடப்பவர் நன்றி சொல்லிக்கொண்டே அதன் முன்னால் கடப்பார். நின்ற வண்டி மறைத்திருப்பதால் இரண்டாவது தடத்தில் வருகிறவருக்கு நடப்பவரும் தெரிய மாட்டார், நடப்பவருக்கு அந்த வண்டியும் தெரியாது. நல்ல மனதோடு நின்றவரே மறைப்பாகிவிடுகிறார். நிறுத்தக் கோட்டைக் கிராஸிங்கிலிருந்து சில மீட்டர் பின்னால் தள்ளினால் பார்வை திறக்கும், நடுவில் நிற்க ஒரு திட்டு கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கவனித்தால் போதும். திட்டு 2 மீட்டராவது அகலம் வேண்டும், குழந்தை வண்டியும் தள்ளுபவரும் அதற்குள் அடங்க வேண்டுமே.

முடிந்தால் பார்வையற்ற ஒருவரோடும் சக்கர நாற்காலியில் போகும் ஒருவரோடும் அதே அரை கிலோமீட்டர் நடங்கள். நடைபாதையில் பதித்திருக்கும் மேடுபள்ள ஓடுகளை நாம் மிதித்துவிட்டுப் போகிறோம், அவர்களுக்கு அது எழுத்து. புள்ளிகள் என்றால் நில், கவனி. நீளக் கோடுகள் என்றால் இந்தப் பக்கம் போ. ஜப்பானில் மியாகே செய்ச்சி கண்டுபிடித்தது, 1967-இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். கோட்டு ஓடு நேராகப் போய் மின்கம்பத்தில் முடிவதை உங்கள் பக்கத்திலேயே பார்க்க நேர்ந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள், கூட்டத்தில் அந்த ஒரு படம் போதும்.

எந்த நேரத்தில் சொல்வது

இதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. ஒரு சாலைத் திட்டம் வரைபடமாக வளரும்போது 30 சதவீதம், 60 சதவீதம், 90 சதவீதம் என்று கட்டம் கட்டமாகப் போகும். 30-இல் தடம் எத்தனை, நடைபாதை எவ்வளவு அகலம், கிராஸிங் எங்கே என்பதெல்லாம் இன்னும் பென்சிலில் இருக்கும். 90-இல் எல்லாம் முடிந்து, ஒப்பந்தப்புள்ளிக்குத் தயாராகி, நீங்கள் கேட்டால் மரத்தின் வகையை மாற்றலாம், பெஞ்ச்சின் நிறத்தை மாற்றலாம். ஆலோசனைக் குழுவிடம் பல நேரம் 90-இல்தான் காட்டுவார்கள், அழகான வண்ணப் படங்களோடு. எல்லோரும் பாராட்டுவார்கள், "குழுவிடம் கலந்தாலோசிக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, முடிந்த படத்தைக் காட்டுவது யாருக்கும் சுலபம், அவ்வளவுதான்.

எனவே சேர்ந்த முதல் மூன்று மாதத்திலேயே ஒரு கோரிக்கையை முறையாக வையுங்கள்: அடுத்த இரண்டு வருடத்தில் வரப்போகும் சாலை வேலைகளின் பட்டியலைக் கொடுங்கள், ஒவ்வொன்றையும் 30 சதவீதத்தில் எங்களிடம் காட்டுங்கள். அந்தப் பட்டியலில் மறுதார் போடும் சாலைகள் எவை என்று பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதுத் தார் விழுந்ததும் கோடுகளைப் புதிதாக வரைந்தே ஆக வேண்டும், பழைய இடத்திலேயே வரைவதற்கும் நகர்த்தி வரைவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. தடத்தைக் குறுக்குவதும், நிறுத்தக் கோட்டைப் பின்னால் தள்ளுவதும், மூலையில் பெயிண்டும் நெகிழும் கம்பங்களும் வைத்து வளைவை இறுக்குவதும் அந்தச் சமயத்தில் கேட்டால் நடக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "இப்போதுதானே போட்டோம்" என்பார்கள்.

வேகம் பற்றிப் பேச்சு வரும்போது

கட்டாயம் வரும். அப்போது உணர்ச்சியைக் குறைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் ஆளைப் பார்த்து ஒரு நொடியில் பிரேக் மிதிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் நிற்க சுமார் 13 மீட்டர் எடுக்கும், 50-இல் வந்தால் சுமார் 28 மீட்டர். இப்போது 13-வது மீட்டரில் ஒரு குழந்தை இறங்குகிறது. முதல் கார் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இரண்டாவது காரின் ஓட்டுநர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 14 மீட்டர் ஓடிவிடும், அதாவது குழந்தையைத் தொடும்போது கார் இன்னும் 50-இல்தான் இருக்கிறது. வேகம் ஒன்றேமுக்கால் மடங்குகூட ஆகவில்லை, மோதலின் ஆற்றலோ ஏறத்தாழ 2.8 மடங்கு. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது எங்கள் குழுவிலேயே வேகக் குறைப்பை எதிர்த்துக்கொண்டிருந்த ஒருவர் பேனாவை எடுத்துத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார்.

எதிரே இருந்து ஒரு பதில் வரலாம், இந்தச் சாலையின் 85-வது சதமான வேகம் இவ்வளவு, அதனால் வரம்பைக் குறைக்க முடியாது என்று. மிரள வேண்டாம். நெரிசல் இல்லாதபோது போகும் 100 வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டாமல் போகின்றனவோ, அதுதான் அந்த எண். பல இடங்களில் இதை வைத்துத்தான் வரம்பு நிர்ணயிக்கிறார்கள். அதாவது ஓட்டுகிறவர்கள் வேகமாக ஓட்ட ஓட்ட வரம்பும் ஏறும். அந்த 100 பேரில் நடப்பவர் ஒருவர்கூட இல்லை என்பதை மட்டும் மெதுவாக நினைவுபடுத்துங்கள். 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் அறிக்கை, வண்டிகளும் நடப்பவர்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் அதிகபட்சம் 30 என்று சொல்கிறது, ஊரில் உள்ள சிலரின் ஆசை என்று அதை ஒதுக்க முடியாது.

ஆகவே ஆகாது என்பவர்களுக்கு ஒஸ்லோவைச் சொல்லலாம். 2019-இல் அந்த நகரத்தில் நடந்து போனவர் ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை, சைக்கிளில் போனவரும் இல்லை. ஹெல்சின்கியில் 2025 கோடையோடு முடிந்த 12 மாதத்தில் சாலை மரணமே இல்லை, அங்கே பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வரம்பு 30. இரண்டும் பனியும் இருட்டும் நிறைந்த ஊர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழிப்புணர்வு என்னும் பொறி

யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் இதைக் கொண்டுவருவார். பள்ளியில் போஸ்டர் போட்டி நடத்தலாம், ஒளிரும் பட்டை விநியோகிக்கலாம், போனைப் பார்த்துக்கொண்டு கடக்காதே என்று பலகை வைக்கலாம். செலவு குறைவு, யாருக்கும் கோபம் வராது, படம் நன்றாக வரும். நிர்வாகத்துக்கும் இது வசதி. என் கருத்து கொஞ்சம் கடுமையானது: குழு இதில் இறங்கினால் அந்த வருடம் போச்சு. ஆறு கூட்டம் பட்டையின் நிறத்தைப் பேசுவதிலேயே முடியும்.

ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட பூஜ்ய மரணக் கொள்கையின் அடிப்படை எளிமையானது. மனிதன் தப்புச் செய்வான், ஓட்டுபவனும் செய்வான், நடப்பவனும் செய்வான், அந்தத் தப்புக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது சாலையை வடிவமைப்பவரின் பொறுப்பு. போஸ்டர் யோசனை வரும்போது இதைச் சொல்லிவிட்டு, "சரி, போட்டியைப் பள்ளி நடத்தட்டும், பள்ளி வாசலில் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கிராஸிங் எப்போது வரும்?" என்று கேளுங்கள். முகம் கோணினால் கோணட்டும்.

பார்க்கிங் சண்டையும் எழுத்து வேலையும்

கிராஸிங்குக்கு முன்னால் பார்வை திறக்க வேண்டும் என்றால் ஒன்றிரண்டு வண்டி நிறுத்தும் இடம் போகும். அன்றைக்குக் கூட்டத்துக்கு வழக்கமாக வரும் நான்கு பேருக்குப் பதில் நாற்பது பேர் வருவார்கள், பெரும்பாலும் அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள், கோபத்தோடு. அவர்களை எதிரிகளாக நினைத்துவிட்டால் தோற்றுவிடுவீர்கள். ஒரு வாரம் முன்பே நேரில் போய்ப் பேசிவிட்டு வருவதுதான் வழி, எத்தனை இடம் போகிறது, சரக்கு இறக்க எங்கே ஒதுக்கலாம் என்று. நாங்கள் ஒரு முறை அப்படிப் போகாமல் விட்டோம், நல்ல யோசனை ஒன்று ஒன்றரை வருடம் தூங்கியது. மறுமுறை பெயிண்டும் கம்பங்களும் மட்டும் வைத்து மூன்று மாதச் சோதனை என்று கேட்டோம். நிரந்தரம் என்றால் பயப்படுகிறவர்கள் சோதனை என்றால் பார்க்கலாம் என்கிறார்கள்.

குழுவின் பரிந்துரைக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். மேலே வேண்டுகோள், நடுவில் அளந்த எண்கள், கீழே எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்பது. குழுவின் தீர்மானமாக வாக்கெடுத்து நிறைவேற்றி அனுப்புங்கள், தலைவரின் தனிக் கடிதமாகப் போனால் எடை குறைவு. வாக்கெடுக்கக் கோரம் வேண்டும், அதாவது குறைந்தபட்ச உறுப்பினர்கள் அறையில் இருக்க வேண்டும். தீர்மானம் இருக்கிற மாதம் ஒவ்வொருவருக்கும் முந்தின நாள் போன் போட்டு வருகிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். ஒரு ஆள் குறைந்து ஒரு மாதம் தள்ளிப்போய், அந்த ஒரு மாதத்தில் வரைபடம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்ட கதை எங்களுக்கே நடந்தது.

விபத்துப் புள்ளிவிவரம் கேட்டு வாங்குங்கள், ஆனால் அதையே முழுதாக நம்பாதீர்கள். காவல் துறைக்குப் போகாத விபத்து அதில் இருக்காது, மயிரிழையில் தப்பியது நிச்சயம் இருக்காது. "இங்கே ஐந்து வருடத்தில் விபத்தே இல்லை" என்று சொல்லப்படும் சில இடங்களில் விபத்து இல்லாததற்குக் காரணம், பயந்துபோய் அங்கே யாரும் கடப்பதே இல்லை. அதையும் நின்று எண்ணிக் காட்டலாம்: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பி வேறு வழியாகப் போனார்கள்.

அப்புறம் சில விதிகள், சுருக்கமாக. உறுப்பினர்கள் வாட்ஸ்அப்பில் கூடித் தீர்மானத்தைப் பேசி முடித்துவிட்டு வருவது பல இடங்களில் திறந்த கூட்டச் சட்டத்துக்கு, அதாவது பொதுமக்கள் பார்க்கத்தான் பேசி முடிவெடுக்க வேண்டும் என்கிற சட்டத்துக்கு, எதிரானது, குரூப் ஆரம்பிக்கும் முன் குழுவுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் இருக்கும் தொடர்பு அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மின்னஞ்சல் பொது ஆவணமாகலாம், அதனால் யாரையும் கிண்டல் செய்து எழுதாதீர்கள். உங்கள் சொத்தோ வேலையோ சம்பந்தப்பட்ட சாலை வந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு வாக்கிலிருந்து ஒதுங்குங்கள். பத்திரிகையாளர் கேட்டால் உங்கள் கருத்தாகச் சொல்லுங்கள், குழுவின் பெயரில் பேசத் தலைவருக்கோ தீர்மானத்துக்கோதான் உரிமை. அதிகாரிகளைப் பொதுவெளியில் சாடும் முன் ஒரு தடவை தனியாகப் பேசிப் பாருங்கள், வரைபடம் போடும் இன்ஜினியருக்கும் பல நேரம் நீங்கள் கேட்பதே வேண்டும், மேலே காட்ட உங்கள் கடிதம் அவருக்குத் தேவைப்படுகிறது. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது.

கடைசியாக ஒரு அட்டவணை. கேட்ட தேதி, இடம், கேட்டது என்ன, பதில் வந்த தேதி, பதில் என்ன என்று ஐந்து பத்தி. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஐந்து நிமிடம் அதைத் திரையில் போட்டுப் பதில் வராத வரிகளை மட்டும் வாசிக்கும்படி அஜெண்டாவில் ஏற்றிவிடுங்கள், கோபப்படவே வேண்டாம், வாசித்தால் போதும். பதவிக்காலம் முடிந்து போகும்போது அந்த அட்டவணையைப் புதிதாக வருகிறவரிடம் கொடுத்து, ஒரு மாலை அவரைக் கூட்டிக்கொண்டு போய், பதில் வராத வரிகளில் இருக்கும் கிராஸிங்குகளை ஒவ்வொன்றாக நின்று காட்டிவிட்டு வாருங்கள். டேப்பையும் அவரிடமே விட்டுவிடலாம்.